குழாய்ச் சத்தத்துக்குள்ளே

— குழாயை இன்னும் கொஞ்சம் பெரிசாத் திற. அந்தச் சத்தத்துல பேசினா வெளிய கேக்காது.

— நான் உங்ககிட்ட பேசல.

— இப்பப் பேசினியே.

— பேசலன்னு சொன்னேன்.

— அதுவும் பேச்சுதான், பாக்யவதி. பதினோரு மாசம் கழிச்சு என்கிட்ட நேரா நீ சொன்ன மொத வார்த்தை. நடுவுல எருமை இல்ல.

— தட்டைத் தேய்ங்க. அந்த இந்தூர்க்காரர் நம்மளையே பாக்கறார்.

— பாக்கட்டும். அவரும் மௌன விரதம்தானே. யார்கிட்ட போய்ச் சொல்லுவார்?

— எழுதிக் காட்டலாம்.

— எதை வச்சு எழுதுவார்? நேத்து மௌனம் ஆரம்பிக்கும்போதே போன், பேனா, நோட்டு எல்லாத்தையும் தீதி வாங்கி அலமாரியில பூட்டிட்டாளே. என் மூக்குக்கண்ணாடியை விட்டு வச்சது பெரிய விஷயம்.

— அவங்க இவங்கன்னு மரியாதையாச் சொல்லுங்க. நமக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவங்க.

— அக்காங்கறது பேருக்குத்தான், கல்பேஸ்வரி தீதி என் கடைசித் தங்கச்சியை விடச் சின்னவ. சரி, விடு. நான் சொல்றது என்னன்னா, ஷில்பி நம்மள என்ன சொல்லி இங்க அனுப்பினா? ரிஷிகேஷ்ல ஒன்பது நாள் யோகா, புதுசாக் கத்துக்கறவங்களுக்கு, அப்பா முழங்காலுக்கும் அம்மா இடுப்புக்கும் நல்லதுன்னா. விளம்பரத்துல ஒரு பொண்ணு கங்கைக் கரையில தலைகீழா நிக்கறா. நாம வந்து அஞ்சு நாளாச்சு. ஒருத்தராவது தலைகீழா நின்னோமா? குனிஞ்சு காலைத் தொடச் சொன்னாங்களா?

— விளக்குமாத்தை எடுக்கக் குனிஞ்சீங்களே.

— அதைத்தான் சொல்றேன். கூடத்தைப் பெருக்கு, பாத்திரம் தேய், கண்ணை மூடு, மூச்சைப் பாரு. மொத மூணு நாள் பாடமாவது உருப்படியா இருந்துதா? யாரையும் நோகடிக்காதே, பொய் சொல்லாதே, திருடாதே. எனக்கு அறுபத்து மூணு வயசு. கத்தௌலில அம்பது பேர் வேலை செஞ்ச வெல்ல ஆலையை நடத்தினவன். என்னை உட்கார வச்சு திருடாதேங்கறா.

— அம்பது பேர் இல்ல. பதினாலு.

— பாரு, இங்க நல்லாப் படிக்கற பிள்ளை நீதான். இருபத்தெட்டு வருஷம் டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம், கடைசில மொத பெஞ்சுல போய் உட்கார்ந்துட்ட.

— பாடம் நல்லாத்தான் இருக்கு. யோகாங்கறது எட்டுப் படி. நீங்க விளம்பரத்துல பாத்தது மூணாவது படி. மொத ரெண்டு படியில கால் வைக்காம மூணாவதுக்குத் தாவினா அதுக்குப் பேரு சர்க்கஸ்னாங்க.

— அந்த மூணாவது படியும் என்னன்னு சொன்னா? ஆசனம்னா அசையாம சுகமா உட்கார்றதுன்னா. நான் வாழ்க்கை பூரா அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கேன். அதுக்கு ரிஷிகேஷ் வரணுமா?

— உட்காருவீங்க. அசையாமன்னு ஒரு வார்த்தை இருக்கு. கூடத்துல பாத்தேனே. எறும்புப் புத்து மேல உட்கார்ந்த மாதிரி இருந்தீங்க.

— நீ ஏன் கண்ணைத் திறந்து என்னைப் பாத்த? மூச்சைல்ல பாக்கச் சொன்னாங்க.

— அந்த டம்ளரை இப்படிக் குடுங்க.

— பாத்தியா, இல்லையா?

— உங்க முழங்கால் மடங்குதான்னு பாத்தேன்.

— அப்படிச் சொல்லு. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மௌனம் எத்தனை நாள்னு ஏன் சொல்ல மாட்டேங்கறா? நான் சொல்ற வரைக்கும்னா. அது ஒரு கணக்கா? ஜெயில்ல கூட தேதி சொல்லித்தான் உள்ள போடுவாங்க.

— தேதி தெரிஞ்சா அதை எண்ணிக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க.

— அதுவும் சரிதான். ஆனா நமக்கு எதுக்குத் தனியா மௌனம்? நம்ம வீட்டுல நடக்காததா? பதினோரு மாசம். "ஷியாமா, சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு." "ஷியாமா, வாசல்ல பால்காரர் நிக்கறார்னு சொல்லு." அந்த எருமைக்கே மனசு விட்டுப் போச்சு. தொழுவத்துக்குள்ள நான் நுழைஞ்சா சேதி கொண்டு வந்திருக்கற மாதிரி என்னைப் பாக்குது. இந்த தீதி நமக்கு மௌனத்துல சர்டிபிகேட்டே குடுக்கலாம்.

— அது மௌனம் இல்ல.

— பின்ன?

— வாயை மூடிட்டு உள்ளே சண்டை ஓடிக்கிட்டிருந்தா அது மௌனம் இல்லன்னாங்க. பட்டாசுக் கடைக்கு வெளிய பூட்டுப் போட்ட மாதிரி.

— நல்லாத்தான் பேசறா. முந்தி பேங்க்ல வேலை பாத்தாளாம்.

— பாத்தாங்களாம்.

— பாத்தாங்களாம். அந்த அஞ்சு விதி இருக்கே, மொத படியில. நோகடிக்காதே, பொய் சொல்லாதே, திருடாதே, பிரம்மச்சரியம், சேர்த்து வைக்காதே. அஞ்சுல நாலாவதை மட்டும் நாம பதினோரு மாசமா ஒரு தப்பில்லாம செஞ்சுக்கிட்டிருக்கோம். அதையாவது அவங்க மார்க் போடறப்போ சொல்லணும்.

— வயசுக்குத் தகுந்த பேச்சுப் பேசுங்க.

— நீ சிரிச்ச.

— சிரிக்கல. சோப்பு கண்ணுல பட்டுது. யாரோ வர்றாங்க, நகருங்க. நாளைக்குக் காலைல ஆத்தங்கரைக்குத் துணி துவைக்கப் போறேன்.

— என்கிட்ட சொல்றியா?

— இல்ல. குழாய்கிட்ட சொல்றேன்.

*

— இங்க தைரியமாப் பேசலாம். கங்கை போடற சத்தத்துல தீதி பக்கத்துல வந்து நின்னாலும் கேக்காது.

— அந்தக் கல்லு மேல உட்காருங்க. இது வழுக்கும். முழங்கால் வேற.

— முழங்காலை விசாரிக்கறியா.

— விழுந்தா நான்தான் தூக்கணும். கத்திக் கூப்பிடக் கூட முடியாது.

— இந்தா, கையை நீட்டு.

— என்னது இது?

— வெல்லம். நம்ம ஊருது. போன கார்த்திகையில காய்ச்சினது. பைக்குள்ள சட்டைக்கு நடுவுல சுத்திக் கொண்டு வந்தேன்.

— சேர்த்து வைக்காதேன்னு சொல்லிக் குடுத்த இடத்துக்கு ரெண்டு கிலோ வெல்லத்தைக் கொண்டு வந்திருக்கீங்க. அதோட எனக்குச் சர்க்கரை வேற.

— ஒரு துண்டு. தினமும் கிச்சடி. ஆறு நாளா கிச்சடி. ரெண்டாவது படியில திருப்தின்னு ஒண்ணு சொன்னாளே, இருக்கறது போதும்னு நினைக்கறது. கிச்சடியோட அந்தத் திருப்தியைப் பிசைஞ்சு பாத்தேன், உள்ள இறங்கல.

— அரைத் துண்டு குடுங்க.

— எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. அந்த மீதி அரையும் குடுங்க. நேத்து மத்தியானம் ஏன் பாதியில எழுந்து வெளிய போனீங்க?

— நீ கண்ணை மூடவே மாட்டியா?

— காலடிச் சத்தம் தெரியாதா எனக்கு. முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கறேன்.

— மூச்சை எண்ணச் சொன்னாளே. ஒண்ணு, ரெண்டு, மூணு வரைக்கும் போனேன். நாலாவதுல கரும்பு வந்துடுச்சு. வண்டி வண்டியா. சரின்னு மறுபடி ஒண்ணுலேர்ந்து. ஆறு வரைக்கும் போனேன். சம்பந்தி வந்து நின்னார்.

— அவர் எதுக்கு?

— எனக்கென்ன தெரியும், வந்தார். அந்த மீசையோட. தீதி சொன்னாளே, வர்றதை விரட்டாதீங்க, உட்கார வச்சு டீயும் குடுக்காதீங்க, வந்துதுன்னு பாத்துட்டு மூச்சுக்குத் திரும்புங்கன்னு. அப்படியே திரும்பினேன். மனுஷன் போயிட்டார். எனக்கே ஆச்சரியம். பத்து வரைக்கும் எண்ணினேன். அப்ப போன் அடிச்சுது.

— போனைத்தான் பூட்டி வச்சுட்டாங்களே.

— இந்த போன் இல்ல. ஷில்பியோட நிச்சயத்தன்னிக்குக் காலைல அடிச்சுதே. அது.

— ம்.

— துணியை அடிக்கறதை நிறுத்தாதே. சத்தம் வேணும்.

— கங்கை போடற சத்தம் போதும். சொல்லுங்க.

— சொல்ல ஒண்ணுமில்ல. கண்ணை மூடினா அடிக்குது. ரெண்டு நாளா. வீட்டுல இருந்தா டிவியைப் போட்டுடுவேன், இல்ல ஆலைப் பக்கம் போயிடுவேன். இங்க போறதுக்கு இடமில்ல. கூடத்துல இருபது பேர் சிலை மாதிரி உட்கார்ந்திருக்காங்க, எனக்கு மட்டும் போன் அடிக்குது. எடுக்கற வரைக்கும் அடிக்குது.

— எடுத்தீங்களா?

— எழுந்து வெளிய போனேன்.

— அன்னிக்கு மட்டும் எடுத்தீங்க. என் அக்கா மகன் தேவேந்தர் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். அம்மாவுக்கு முடியல, சித்தியை உடனே அனுப்புங்கன்னு உங்ககிட்ட சொன்னான். நீங்க என்கிட்ட எப்பச் சொன்னீங்க? சாயங்காலம் ஆறு மணிக்கு. சம்பந்தி வீட்டு மீரட்காரங்க சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிட்டு, கார் ஏறினதுக்கப்புறம். இப்பதான் போன் வந்தது, பிரேம்வதி போயிட்டாளாம்னு சொன்னீங்க. துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டீங்க. நான் உங்களைத் தேத்தினேன். ஞாபகம் இருக்கா? நான் உங்களைத் தேத்தினேன்.

— இருக்கு.

— பதிமூணாம் நாள் சடங்குல அத்தனை சொந்தக்காரங்களுக்கு நடுவுல தேவேந்தர் கேக்கறான், காலைலயே சொன்னேனே சித்தி, ஏன் வரலன்னு. நான் என்ன சொல்ல? அன்னிக்கு மூடின வாய்.

— நான் சொல்றது என்னன்னா, பாக்யவதி, தீதி வரிசையாத்தானே சொன்னா. மொதல்ல நோகடிக்காதே, அதுக்கப்புறம்தான் பொய் சொல்லாதே. உண்மையைச் சொன்னா ஒருத்தருக்கு வலிக்கும்னா என்ன பண்றதுன்னு அந்தப் புனேக்காரப் பொண்ணு கேட்டா. மொத விதியை மிதிச்சுட்டு ரெண்டாவதுக்குப் போகக் கூடாதுன்னு பதில் சொன்னாங்க. உன் காதால கேட்டியா, இல்லையா? நான் மொத விதிப்படி நடந்தேன். வாசல்ல சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரம். உன் மனசு நோகக் கூடாதுன்னு.

— என் மனசா?

— உன் மனசுதான்.

— அப்படியா, சரி. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க கவலைப்பட்டது அந்த ஒரு நாள்தானா?

— எல்லாத்தையும் அப்படித் திருப்பக் கூடாது.

— மூணாவது என்ன?

— திருடாதே.

— எதை?

— அடுத்தவங்க பொருளை.

— பாடத்தை ஒழுங்காக் கேக்கல. பொருளை மட்டும்னு சொல்லல. அடுத்தவங்களுக்குச் சேர வேண்டிய எதையும்னாங்க. அவங்க நேரம், அவங்களுக்கு வந்த சேதி, எல்லாம் அதுல சேர்த்தி. கத்தௌலிலேர்ந்து அக்கா ஊர் பிஜ்னோருக்கு பஸ்ஸுல ரெண்டு மணி நேரம். ஒன்பதுக்குச் சொல்லியிருந்தா பதினொண்ணரைக்கு நான் அவ கட்டில்கிட்ட இருந்திருப்பேன். நாலு மணிக்குத்தான் உயிர் போச்சு. நடுவுல நாலரை மணி நேரம். அது என்னோடது. நீங்க எடுத்துட்டீங்க.

— அஞ்சாவதும் ஒண்ணு இருக்கு. சேர்த்து வைக்காதே. வெல்லத்தைச் சொன்னியே, பதினோரு மாசமா நீ சேர்த்து வச்சிருக்கியே, அது?

— எது?

— கோவம்தான். வேற எது?

— அது கோவம் இல்ல.

— பின்ன என்ன?

— எழுந்திருங்க. புடவை மேல உட்கார்ந்திருக்கீங்க. காயப் போடணும்.

*

— பூசணிக்காயை இப்படிப் பிடிங்க. விரல் போயிடும்.

— போனாப் போகட்டும். நீ பேசறியே, அது போதும். நேத்து எழுந்து போன வேகத்தைப் பாத்து, ஊருக்குத் திரும்பினா மறுபடி ஷியாமாதான்னு நினைச்சேன்.

— காலைக் கூட்டத்துக்கு ஏன் வரல?

— முழங்கால்.

— பொய்.

— தூங்கிட்டேன். அஞ்சு மணி மணிச்சத்தம் காதுல விழுந்துது. எழுந்தா கண்ணை மூடணும், மூடினா அந்த போன். போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். தீதி என்னைத் தேடினாளா?

— உங்க இடம் காலியா இருக்கறதைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல.

— என்ன சொன்னா இன்னிக்கு?

— மூச்சைக் கவனிங்கன்னாங்க.

— அதைத்தான் தினமும் சொல்றா. மௌனம் எப்ப முடியும்னு ஏதாவது...

— மெதுவாப் பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.

— சரி, சரி. மூணாம் நாள் ஒரு காகிதம் குடுத்தாளே. நீங்க சொன்ன ஒரு பொய்யை அதுல எழுதுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்கு நீங்களே படிச்சுக் காட்டிட்டுக் கிழிச்சுப் போடுங்கன்னு. நீ என்ன எழுதின?

— நீங்க என்ன எழுதினீங்க?

— அம்பது பேர்.

— எந்த அம்பது பேர்?

— ஆலையில அம்பது பேர்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியறேனே. பொய், பதினாலு பேர்தான்னு எழுதினேன்.

— எழுதிட்டு, ரெண்டு நாள் கழிச்சு என்கிட்டயே அம்பதுன்னீங்களே.

— பழக்கம். நாக்கு தானாச் சொல்லிடுது. நீ என்ன எழுதின, சொல்லேன்.

— வெள்ளைக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். என்கிட்ட பொய்யே இல்லன்னு நினைச்சேன்.

— இருக்கும், இருக்கும். உன்கிட்டயும் இருக்கும். எனக்கு இதுதான்னு எழுதிட்டேனே ஒழிய, எழுதியிருக்க வேண்டியது வேற. அது எனக்கும் தெரியும். பேனாவை எடுத்தப்பவே தெரியும். அதனாலதான் அவசர அவசரமா ஆலையை எழுதினேன்.

— எது எழுதியிருக்க வேண்டியது?

— அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வை.

— ஏன்?

— வையேன். அன்னிக்கு போன்ல தேவேந்தர் மட்டும் பேசல.

— வேற யார் பேசினா?

— ஜன்னலைச் சாத்தட்டுமா?

— வேற யாருங்க பேசினா?

— உன் அக்கா. பிரேம்வதியே பேசினா.

— கடைசில அவளுக்கு நினைவே இல்லன்னானே தேவேந்தர்.

— மத்தியானத்துக்கு மேலதான் நினைவு தப்பிப் போச்சு. காலைல இருந்துது. தேவேந்தர் கையிலேர்ந்து போனை வாங்கிப் பேசினா. குரல் தேஞ்சிருந்துது, ஆனா அவ குரல்தான். பாலாவைக் கூப்பிடுன்னா, உன்னைத்தான்.

— நீங்க?

— அடுப்படியில இருக்கா, கையெல்லாம் மாவு, அப்புறம் பேசச் சொல்றேன்னேன்.

— என் கையில மாவு இல்ல. அன்னிக்குச் சமையலுக்கு ஆள் வச்சிருந்தோம்.

— தெரியும். முற்றத்துல நின்னு நாற்காலி போட்டுக்கிட்டிருந்த. பத்தடி தூரம் கூட இல்ல. உன்னைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.

— ஏன்?

— நிச்சயத்தன்னிக்கு...

— அது தெரியும். ஏன்னு கேக்கறேன்.

— பயம்.

— அபசகுனம்னு மீரட்காரங்க நிச்சயத்தை நிறுத்திடுவாங்கன்னா?

— அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். பதினோரு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தேன். அது இல்ல. நீ பஸ் ஏறிப் போயிட்டா அந்த நாப்பது பேரை நான் தனியா வரவேத்தாகணும். யார் என்ன உறவு, யாரை எங்க உட்கார வைக்கணும், பொண்ணை எப்ப வெளிய அழைச்சுட்டு வரணும், ஒண்ணும் எனக்குத் தெரியாது. சம்பந்தி ஒரு கேள்வி கேட்டா உன் முகத்தைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன். நீ இல்லாம அந்தக் கூடத்துல நிக்கப் பயம். அவ்வளவுதான் விஷயம். ஊர் பூரா ஓம்வீர் தியாகின்னா ஒரு பயம் இருக்கு. அந்த ஓம்வீர் தியாகி நின்னதெல்லாம் உன் முதுகுக்குப் பின்னாலதான்.

— அவ என்ன சொன்னா?

— யாரு?

— ஜீஜிதான், என் அக்கா. கை மாவுன்னு நீங்க சொன்னதுக்கு அவ என்ன சொன்னா?

— அவசரமில்லன்னா.

— அப்புறம்?

— அப்புறம், பாலா இன்னிக்கு என்ன புடவை கட்டியிருக்கான்னு கேட்டா.

— புடவையா?

— ஆமா. எட்டிப் பாத்துச் சொன்னேன். பச்சை, மாங்காய்க் கரை போட்டதுன்னு. அதுக்கு அவ, அந்தப் பச்சையா, அது என்னோடதுல்ல, எட்டு வருஷம் முன்னால ஒரு கல்யாணத்துக்குக் கட்டிட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனா, இன்னும் வந்து சேரல, திருட்டுக் கழுதைன்னா.

— திருட்டுக் கழுதைன்னாளா?

— சொல்லிட்டுச் சிரிச்சா. இருமல் வந்துடுச்சு. அதுக்குள்ள தேவேந்தர் போனை வாங்கிட்டான்.

— சிரிச்சாளா.

— சிரிச்சா.

— ம்.

— ஏதாவது சொல்லு.

— தோலை இந்தக் கூடையில போடுங்க.

— திட்டு. இல்ல, அந்தப் பூசணிக்காய்கிட்டயாவது சொல்லு, நான் கேட்டுக்கறேன்.

— மீதியை நீங்களே வெட்டிடுங்க.

— ராஜ்பாலா.

— பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. முப்பத்தெட்டு வருஷமா பாக்யவதிதான், இப்ப புதுசா இருக்கு. எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்.

*

— மறுபடி சொல்லுங்க.

— நேத்து மத்தியானம் போனவ. சாப்பாட்டுக்கும் வரல. மூச்சுக்கு உட்கார்ந்தப்போ நானும் தீதிக்குத் தெரியாம கண்ணைத் திறந்து திறந்து பாத்தேன். நீ அசையவே இல்ல.

— அதை விடுங்க. ஜீஜி சிரிச்சதைச் சொல்லுங்க. மொதல்ல இருமினாளா, மொதல்ல சிரிச்சாளா?

— சிரிச்சா. சிரிச்சதாலதான் இருமல்.

— எப்படிச் சிரிச்சா? வாயாலயா, மூக்காலயா?

— மூக்காலதான். எப்பவும் போல. குதிரை மாதிரி.

— குதிரைன்னு சொல்லாதீங்க.

— நீதான் எப்பவும் சொல்லுவ.

— நான் சொல்லலாம். என் அக்கா. திருட்டுக் கழுதைன்னு சொன்னப்போ இழுத்துச் சொன்னாளா, சட்டுன்னு சொன்னாளா?

— இழுத்து. கழு...தைன்னு.

— ஆமா. அப்படித்தான் சொல்லுவா. இந்தத் துணியோட அந்த முனையைப் பிடிங்க, உதறணும். பதினோரு மாசமா நான் சேர்த்து வச்சிருக்கறது கோவம் இல்லன்னேனே, அன்னிக்கு.

— என்னன்னு கேட்டதுக்கு எழுந்து போயிட்ட.

— ஒரு படம். ஜீஜி கட்டில்ல படுத்திருக்கா. வாசலையே பாத்துக்கிட்டு, பாலா வந்தாளா, பாலா வந்தாளான்னு கேட்டுக்கிட்டே கண்ணை மூடறா. யாரும் சொல்லல, நானே வரைஞ்சுக்கிட்டேன். அடுப்புல ரொட்டி போடும்போது, எருமைக்குத் தண்ணி காட்டும்போது, எந்நேரமும் அதுதான். நீங்க எது கேட்டாலும் அதுக்கு நடுவுலேர்ந்துதான் உங்களைப் பாப்பேன். நேத்து மூச்சுக்கு உட்கார்ந்தேன். அந்தப் படம் வந்துது. வந்த உடனே அதுல அவ சிரிச்சுட்டா. புடவையைக் குடுடின்னா. நான் என்ன பண்ணுவேன், கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்சேன். பக்கத்துல புனேக்காரி பயந்துட்டா.

— அப்ப மன்னிச்சுட்டியா?

— இல்ல.

— சரி.

— இதை அந்தப் பதிமூணாம் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அந்தப் படமே எனக்கு வந்திருக்காது. அதுக்குத் தனியாக் கோவம் வருது. புதுக் கோவம், இன்னிக்குத்தான் பிறந்திருக்கு.

— எத்தனை நாள் ஓடும்?

— தெரியல. தேதி சொன்னா நீங்க எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. ஆனா இந்தத் தடவை பேசிக்கிட்டேதான் கோவப்படுவேன்.

— எனக்கு அது போதும். ஷியாமாவுக்கும் ஓய்வு.

— இன்னொரு முனையைப் பிடிங்கன்னா அதே முனையையே பிடிக்கறீங்க.

— இந்தூர்க்காரர் காலைல என்ன பண்ணினார் தெரியுமா? பல் தேய்க்கற இடத்துல என்னைப் பாத்து, என்ன தியாகிஜி, சௌக்கியமான்னு கேட்டார். நல்லா வாய் விட்டுக் கேட்டார். பாவம், மனுஷனால தாங்க முடியல போல. நான் வாயில விரலை வச்சு, வேணாம், மாட்டிப்பீங்கன்னு ஜாடை காட்டினேன்.

— அப்படியா, சரி.

— ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு, கும்பிட்டுட்டுப் போனார். ஐயோ, தீதி வர்றா. நேரா இங்கதான். கொடியில தொங்கற அந்தப் போர்வைக்குப் பின்னால போ.

— எதுக்கு?

— போயேன். நான் சமாளிக்கறேன்.

— நமஸ்தே தியாகிஜி. நமஸ்தே பெஹன்ஜி.

— தீதி, தப்பு என்மேலதான். இவ வாயே திறக்கல. திறந்தா, ஆனா நான்தான் பேச வச்சேன். அஞ்சாம் நாள்லேர்ந்து பேசிக்கிட்டிருக்கோம். பாத்திரம் தேய்க்கற இடத்துல, ஆத்தங்கரையில, எல்லா இடத்துலயும். பையில வெல்லம் வேற இருக்கு, ரெண்டு கிலோ. ஒன்றரை இருக்கும் இப்ப. மௌனத்தைக் கெடுத்ததுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் எனக்குக் குடுங்க.

— எந்த மௌனத்தை, தியாகிஜி?

— நீங்க வச்ச மௌனத்தைத்தான்.

— அது நேத்துக் காலைக் கூட்டத்தோட முடிஞ்சு போச்சே. இனிமே எல்லாரும் பேசலாம், இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருக்கணும்னு ஆசைப்படறவங்க மட்டும் கை தூக்குங்கன்னேன். வந்திருந்த இருபது பேர்ல பதினெட்டுப் பேர் தூக்கிட்டாங்க. இந்தூர்க்காரர் தூக்கல. உங்க வீட்டு பெஹன்ஜியும் தூக்கல. முன்வரிசையிலதான் இருந்தாங்க, உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கு மொத ஆசனம் ஆரம்பிக்கறோம். முழங்காலுக்கு அடியில வைக்க ஒரு தலையணை எடுத்துட்டு வாங்க. அந்த வெல்லத்தைச் சமையல்கட்டுல குடுத்துடுங்க, கிச்சடி தின்னு எனக்கும் அலுத்துப் போச்சு.

— நேத்துக் காலைலயா. அப்போ பூசணிக்காய் வெட்டும்போது...

— ம்.

— ஜன்னல் திறந்திருக்கு, மெதுவாப் பேசுங்கன்னியே.

— ஜன்னல் திறந்துதான் இருந்துது.

— ஒரு நாள் முழுக்க என்கிட்ட மறைச்சியா, பாக்யவதி?

— மறைச்சேன். சத்தமாப் பேசலாம்னு தெரிஞ்சா நீங்க சத்தமாப் பேசுவீங்க, சத்தமாப் பேசும்போது நீங்க ஒரு நாளும் உண்மை பேசினதில்ல.